கிண்ணம் வந்த ஆண்டில் நான் வைத்த கையெழுத்து

நீங்கள் மூன்று பேரும் இந்த ஆகஸ்டில் கல்லூரி அணிகளுக்குப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்கப் போகிறீர்கள். ஆட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. நான் படித்த பயிற்சிமுறைகளை இன்று யாராவது செய்து காட்டினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் எனக்கு நடந்த ஒன்று உங்களுக்கு இன்னும் நடக்கவில்லை. நகரத்தின் தொழில்முறை அணி திடீரென்று வெல்லத் தொடங்கினால், அதே நகரத்தில் இருக்கும் ஒரு கல்லூரி அணிக்கு என்ன ஆகும் என்பதை நான் பார்த்தேன்.

வெற்றி வந்தால் பிள்ளைகள் தேடி வருவார்கள், நல்லதுதானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிள்ளைகள் வந்தார்கள்தான். அந்தக் கூட்டத்தில் என்னிடம் ஏற்கனவே இருந்த ஒரு பிள்ளையை நான் என் கையாலேயே வெளியே தள்ளினேன். தள்ளியது மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த அதிர்ச்சி இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் ஆடியவள். சுவிட்சர்லாந்துக்கு வந்து டாவோசில் ஒரு ஹோட்டலில் நான்கு குளிர்காலம் கோப்பை கழுவினேன். ஓய்வுநாளில் ஊர் விளையாட்டு மண்டபத்தின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூடைப்பந்து ஆடுவதைப் பார்த்து, உள்ளே போய் நானும் வரலாமா என்று கேட்டேன். பயிற்சியாளர் சான்றிதழை மூன்றாவது தடவையில்தான் எடுத்தேன். முதல் இரண்டு தடவையும் என்னைத் தோற்கடித்தது ஆட்டமல்ல, ஜெர்மன். பிறகு பத்தொன்பது வருடங்கள், பல்கலைக்கழகத்துக்கு முந்திய மேல்நிலைப் பள்ளியான எங்கள் கல்லூரியின் விளையாட்டு வகுப்பில் பெண்கள் கூடைப்பந்துக்குப் பொறுப்பாக இருந்தேன். யாரைச் சேர்ப்பது, யாருக்கு என்ன மதிப்பீடு எழுதுவது, யாரை எதற்கு விடுவிப்பது எல்லாம் என் கையெழுத்தில் நடந்தன.

எங்கள் பிரிவுக்குப் பதினெட்டு இடங்கள். காலையில் படிப்பு, பிற்பகலில் பயிற்சி. கிண்ணம் வரும்வரை, பதினெட்டும் நிரம்பிய ஒரு வருடத்தை நான் கண்டதில்லை. ஊர் ஊராக ரயிலிலும் போஸ்ட் பஸ்ஸிலும் போய், பிள்ளைகளைத் தாருங்கள் என்று பெற்றோரைக் கெஞ்சுவேன். பனிச்சறுக்கு என்பார்கள், கைப்பந்து என்பார்கள். கூடைப்பந்து என்றால் அமெரிக்காக்காரரின் ஆட்டம் அல்லவா என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவார்கள்.

இடங்கள் காலியாகவே கிடந்ததால் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருந்தது. யாராவது ஒரு மாணவி அரை வருடம் வெளிநாட்டுக்குப் போக வேண்டும், நோயாளித் தாயைப் பார்க்க வேண்டும் என்றால், அலுவலகத்தில் கைக்கு அகப்பட்ட படிவத்தை நிரப்பிக் கொடுப்போம். திரும்பி வந்தால் அவளுடைய கதிரை அப்படியே இருக்கும், உட்கார்ந்துகொள்வாள். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

லக்சிகாவை நான் கண்டுபிடித்தது பெர்ன் நகரின் பூம்ப்ளிஸில், நம்மவர்களின் விளையாட்டு விழா ஒன்றில். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. புல்வெளியில் வலைப்பந்து ஆடிக்கொண்டிருந்தாள். பந்து இருக்கும் இடத்துக்கு எல்லாரும் ஓடினார்கள். அவள் பந்து வரப்போகும் இடத்தில் போய் நின்றாள். நல்ல உயரம், நீண்ட கை. அவளுடைய அப்பா சிவநேசன் ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் வேலை செய்பவர், அதிகம் கதைக்காத மனிதர். எங்கள் கல்லூரி வேறு கன்டோனில், அதாவது வேறு மாநிலத்தில், இருந்தது. விளையாட்டு இடம் கிடைத்தால் மட்டுமே அவள் கன்டோன் தாண்டி அங்கே படிக்கலாம். அதை நான் அவருக்கு விளக்கிச் சொன்னபோது, "பள்ளிக்கூடம் நல்லதோ?" என்ற ஒரே கேள்விதான் கேட்டார். ஓம் என்றேன். அடுத்த வருடத்திலிருந்து லக்சிகா தினமும் காலை ரயிலில் வந்தாள்.

அவள் இரண்டாம் வருடத்தை முடிக்கும் தறுவாயில்தான் அந்த மே மாதம் வந்தது. எங்கள் நகரத்துப் பெண்கள் கூடைப்பந்து அணி, அதற்கு முன் எதையும் வென்றிராத அணி, தேசிய சாம்பியன் ஆகிக் கிண்ணத்தைத் தூக்கியது. கடைசி விசில் ஊதியபோது நான் மண்டபத்தில்தான் இருந்தேன். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு சுவிஸ் கிழவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த மாதம், விளையாட்டு வகுப்புக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் எங்கள் தேர்வுநாள். வழமையாக இருபது பேர் வந்தால் பெரிய விஷயம். அன்று காலை மண்டபத்துக்குப் போக டிராமிலிருந்து இறங்கியபோது, தரிப்பிடம் வரைக்கும் ஒரு வரிசை நின்றது. ஏதோ விபத்து நடந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். எல்லாரும் பிள்ளைகள். எல்லார் கையிலும் பந்து. சாம்பியன் அணியின் நிறத்தில் சட்டை போட்ட பிள்ளைகள், தாய் தகப்பனோடு. எங்கடின் பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலை மலை ரயிலேறி, மூன்று இடத்தில் மாறி, ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். மகளின் பெயர் லதினா. தாய் ஹோட்டலில் பருவகால வேலை செய்பவர். இறுதி ஆட்டத்தை ஹோட்டல் விருந்தினர் அறைத் தொலைக்காட்சியில் பார்த்தார்களாம். அன்றைக்கே மகள் முடிவு செய்துவிட்டாளாம்.

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகப் பதினெட்டு இடமும் நிரம்பியது. அதற்குக் கீழே ஒரு காத்திருப்போர் பட்டியல் வேறு. அதில் முதலாவது பெயர் லதினா. எனக்குக் கால் நிலத்தில் இல்லை. பட்டியலை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு தடவை வாசித்தேன். அந்தப் பட்டியல் எங்கள் பழைய பழக்கங்களை எல்லாம் ஆபத்தாக்கிவிட்டது என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

ஆகஸ்டில், பாடங்கள் தொடங்கிய வாரம், சாம்பியன் அணியின் மேலாளர் எங்கள் பயிற்சிக்கு வந்தார். முன்னாள் ஆட்டக்காரர், மரியாதையான மனிதர். ஒரு மணிநேரம் சுவரோடு சாய்ந்து நின்று லக்சிகாவை மட்டும் பார்த்தார். பயிற்சி முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"எங்களுக்கு இவர் வேண்டும். ஐரோப்பியப் போட்டிக்கு ஆட்டக்காரர் பட்டியலை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும்."

அன்று செவ்வாய்.

"படிப்பு?" என்று கேட்டேன்.

"நாங்கள் காலையிலும் பயிற்சி செய்கிறோம். வகுப்புக்கு வர முடியாது. தொலைக்கல்வி ஏற்பாடு செய்கிறோம். ஒரு சீசன்தான். சரிவராவிட்டால் திரும்பி வரட்டும். உங்கள் இடம் எங்கே ஓடப்போகிறது?"

அவர் கையில் ஓர் உறை இருந்தது. அதில் கிளப்பின் ஒப்பந்தமும் எங்கள் கல்லூரிப் படிவமும் இருந்தன. எங்கள் படிவத்தையும் அவருடைய அலுவலகமே தரவிறக்கி நிரப்பியிருந்தது. என் பெயரைக்கூடச் சரியாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். கையெழுத்து வைக்கும் இடங்களில் மஞ்சள் ஒட்டுத்தாள்கள். எனக்கு வேலை மிச்சம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், பெருமையாகவும் இருந்தது. நான் புல்வெளியில் கண்டெடுத்த பிள்ளையைத் தேசிய சாம்பியன் அணி கேட்டு வந்திருக்கிறது. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அதற்குள் என்னைத் தொலைபேசியில் அழைத்துவிட்டது.

வியாழன் மாலை பூம்ப்ளிஸுக்குப் போனேன். சிவநேசன் காலை வேலை முடித்துக் குளித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். லக்சிகா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் உறையைப் பிரித்து மேசையில் வைத்தேன்.

"உது ரெண்டும் என்ன தாள் அக்கா?"

"ஒண்டு கிளப்பின்ரை ஒப்பந்தம், தம்பி. மற்றது எங்கடை கல்லூரிக்குக் குடுக்கிறது. இந்த வருசம் பிள்ளை வகுப்புக்கு வரமாட்டா எண்டு."

"பிறகு வந்து படிக்கலாமோ?"

"ஓம். ஒரு வருசம்தானே. இடம் எங்கை ஓடப்போகுது?"

மேலாளர் சொன்ன வசனம் அது. அப்படியே என் வாயிலிருந்து வந்தது.

லக்சிகா கேட்டாள், "மிஸ், நான் பெஞ்சிலைதான் இருப்பனோ?"

"முதல் ரெண்டு மாசம் இருப்பாய். பிறகு உன்னை வெளியிலை வைக்க அவையாலை ஏலாது."

அவள் சிரித்தாள். சிவநேசன் சிரிக்கவில்லை. "அக்கா, எங்கடை சிற்றிசன் விண்ணப்பமும் உள்ளுக்குக் கிடக்கு. பிள்ளை படிக்கிறா எண்டு கல்லூரிக் கடிதம் குடுத்திருக்கிறம். அதுக்கு இதாலை ஒரு பிரச்சினையும் வராதோ?"

"வராது."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொன்னேன்.

"நீங்கள் சொன்னால் சரி" என்று அவர் பேனாவை எடுத்தார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். லக்சிகா இந்த நாட்டில் பிறந்தவள். அவளுடைய ஜெர்மனுக்கு முன்னால் என் ஜெர்மன் ஒன்றுமேயில்லை. அந்தத் தாளை அவள் வாசித்திருக்கலாம். ஆனால் நான் தாளை அவள் முன்னால் வைத்து, மஞ்சள் ஒட்டுத்தாள் இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். தான் நம்புகிற ஒருவர் இங்கே போடு என்று விரலை வைத்துக் காட்டினால், பதினேழு வயதுப் பிள்ளை அந்த விரலுக்கு மேலே உள்ளதை வாசிக்காது. அவள் கையெழுத்து வைத்தாள். தகப்பன் வைத்தார். மூன்றாவதாக நான் வைத்தேன்.

திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றார்கள். பட்டியலில் முதலாவதாக இருந்த லதினாவுக்கு நானே அழைத்துச் சொன்னேன். மறுமுனையில் தாயும் மகளும் ரொமான்ஷ் மொழியில் கத்திக் கூத்தாடினார்கள். இது யாருடைய இடம், ஒரு வருடம் கழித்து என்ன செய்வது என்ற கேள்வி எனக்கு வந்தது. வந்த வேகத்திலேயே, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அதை அனுப்பிவிட்டேன்.

லக்சிகா அந்த அணியில் ஆறு வாரம் இருந்தாள். ஒரு ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. அக்டோபரில் ஒரு காலைப் பயிற்சியில், யாரும் இடிக்கவில்லை, யாரும் பக்கத்தில்கூட இல்லை, தாவி இறங்கியபோது முழங்கால் சவ்வு அறுந்துவிட்டது. சத்திரசிகிச்சை முடிந்து அவள் வீட்டுக்கு வந்த வாரத்திலேயே கிளப்பிலிருந்து கடிதம் போனது. சீசன் முழுவதும் ஆட முடியாதவரோடு ஒப்பந்தம் தொடராது என்று அதில் ஒரு பிரிவு இருந்ததாம். நான் மேலாளரை அழைத்தேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "நல்ல பிள்ளை. படிப்புக்குத் திரும்பட்டும். அதற்குத்தானே உங்கள் கல்லூரி இருக்கிறது" என்றார்.

நவம்பரில் ஒரு காலை லக்சிகாவை நானே கல்லூரி அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். இரண்டு ஊன்றுகோல், முதுகில் புத்தகப்பை. கணக்குப் பாடத்தில் எவ்வளவு விட்டுப்போயிற்று என்று தோழிகளிடம் கேட்டு எழுதி வைத்திருந்தாள். அலுவலகப் பெண் அவளுடைய பெயரைத் தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவர் எங்கள் மாணவி இல்லையே."

நான் சிரித்தேன். "இரண்டு வருடம் இங்கே படித்தவர்" என்றேன்.

"ஆகஸ்டில் ஆப்மெல்டுங். உங்கள் கையெழுத்து" என்று திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

தற்காலிக விடுப்புக்கு ஜெர்மனில் ஒரு சொல் உண்டு. முற்றாக விலகிப்போவதற்கு வேறு சொல் உண்டு. திரையில் இருந்தது இரண்டாவது சொல். படிவத்தின் தலைப்பிலேயே, தடித்த எழுத்தில், என் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே மூன்று கையெழுத்துகள்.

பழைய வருடங்களில் இதே படிவத்தை எத்தனை பேருக்கு நிரப்பிக் கொடுத்திருப்பேன்! அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் அந்தக் கதிரைகளை வேறு யாரும் கேட்கவில்லை. இந்த வருடம் கேட்டார்கள்.

லக்சிகா திரையை வாசித்து முடித்தாள். அவளுக்கு விளக்க எதுவும் இல்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், நீங்கள் உந்தப் படிவத்தை வாசிக்கேல்லையோ?"

அவள் அலுவலகப் பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டாள். பையை நான் தூக்கப் போனேன், விடவில்லை.

அன்று பின்னேரமே பூம்ப்ளிஸுக்குப் போனேன். சிவநேசனிடம் முழுவதையும் சொன்னேன், எதையும் மறைக்கவில்லை. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தன் கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் வாசிக்காமல் கையெழுத்து வைச்சது உங்களை நம்பி, அக்கா. நீங்கள் ஆரை நம்பி வாசிக்காமல் வைச்சனீங்கள்?"

மேலாளரை நம்பினேனா? எனக்கு அவரைத் தெரியவே தெரியாது. கிண்ணத்தை நம்பினேன் போலிருக்கிறது. வென்றவர்கள் கொண்டுவரும் தாள் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறேன்.

இனிச் சொல்லப்போவது இதைவிட மோசமானது. தவறு செய்தவருக்குப் பயம் வரும்போது என்ன புத்தி வரும் என்று நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

லக்சிகாவுக்கு இடம் வேண்டுமென்றால் பதினெட்டில் ஒன்று காலியாக வேண்டும். ஒவ்வொரு மாணவிக்கும் நான்தான் மதிப்பீடு எழுதுகிறேன். 'போதாது' என்று எழுதினால் அந்த மாணவி விளையாட்டு வகுப்பை விட்டுப் போக வேண்டிவரும். பதினெட்டுப் பேரில் ஆகப் பின்தங்கியவள் லதினா. அவளுக்கு இடது கை சரியாக வேலை செய்யாது, மூச்சும் சீக்கிரம் வாங்கும். இந்த யோசனையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தபோது நிம்மதி வந்ததையும் சொல்ல வேண்டும். இது அநியாயம் இல்லை, அவள் உண்மையிலேயே பின்தங்கியவள்தானே என்று எனக்குள் வாதாடினேன். அவளுடைய இடத்துக்குச் சொந்தக்காரி வேறொருத்தி என்றும் வாதாடினேன். மூன்று நாள் வாதாடி நானே வென்றேன்.

மதிப்பீட்டை எழுதிக் கல்லூரி அதிபரிடம் கொண்டுபோனேன். எங்கள் அதிபர் ஒரு பெண். குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. தாளை வாசித்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது அக்டோபரில் நீங்கள் இதே மாணவிக்கு எழுதியது. 'நல்ல முன்னேற்றம், மிகுந்த உழைப்பு.' இப்போது 'போதாது'. நான்கு வாரத்தில் இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?"

நான் அக்டோபர்த் தாளை என் பக்கம் இழுத்தேன்.

"அல்லது உங்களுக்கு என்ன நடந்தது?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, உறை, மஞ்சள் ஒட்டுத்தாள், விரல் வைத்துக் காட்டியது, லக்சிகா கேட்டது, தகப்பன் கேட்டது. நான் முடித்ததும் அதிபர் இரண்டு தாள்களையும் ஒன்றாக அடுக்கினார்.

"ஒரு பிள்ளையை வாசிக்காமல் வெளியே அனுப்பினீர்கள். அதைத் திருத்த இன்னொரு பிள்ளையைத் தெரிந்துகொண்டே வெளியே அனுப்பப் பார்த்தீர்கள். முதலாவதை நான் பிழை என்று சொல்லலாம். இரண்டாவதை என்னவென்று சொல்ல?"

எனக்குப் பதினெட்டு இடமும் தெரிந்திருந்தது, யார் எந்தக் கதிரையில் என்று தெரிந்திருந்தது. ஆனால் நான் செய்தது இன்னதென்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

அவர் இரண்டு காரியம் செய்யச் சொன்னார். கல்லூரி ஆணைக்குழுவின் முன்னால் இதை என் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு முன் லதினாவிடம் சொல்ல வேண்டும்.

லதினாவை அதிபரின் அறைக்கே அழைத்தார்கள். பயிற்சி உடையோடு வந்தாள். இரண்டு மதிப்பீடுகளையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஏன் இரண்டாவதை எழுதினேன் என்றும் சொன்னேன். அவளுக்கும் ஜெர்மன் தாய்மொழி இல்லை. சொற்களைத் தேடித் தேடித்தான் பேசுவாள்.

"இதில் எது உண்மை? முதலாவதா, இரண்டாவதா?"

"முதலாவது."

"அதையும் நீங்கள்தானே எழுதினீர்கள்" என்றாள்.

அவள் போகவில்லை, எங்களோடு மூன்று வருடமும் ஆடினாள். நல்ல ஆட்டக்காரியாகவும் ஆனாள். ஆனால் அன்றைக்குப் பிறகு நான் "நன்றாகச் செய்தாய்" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவள் துணைப் பயிற்சியாளரைத் திரும்பிப் பார்ப்பாள். அவர் தலையசைத்தால்தான் நம்புவாள். ஒரு பயிற்சியாளருக்குக் கையிலிருக்கும் ஒரே ஆயுதம் அவருடைய சொல். என்னுடைய ஆயுதத்தை நான் ஒரே தாளில் தொலைத்தேன்.

டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு முந்திய வாரம் ஆணைக்குழு கூடியது. ஒன்பது பேர். அவர்களில் சிலரோடு மே மாதத்தில் கிண்ணத்தைச் சுற்றி நின்று படம் எடுத்திருக்கிறேன். எழுந்து நின்று சொன்னேன். ஒருவர், கிளப்தானே படிவத்தை நிரப்பியது, பிழை அவர்களுடையது அல்லவா என்று எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். நல்ல மனிதர், உதவி செய்யத்தான் கேட்டார். அந்த வழியால் போயிருக்கலாம். அறை முழுவதும் எனக்காகக் காத்திருந்தது.

"அவர்கள் நிரப்பினார்கள். வாசிப்பது என் வேலை" என்றேன்.

அன்று முழுவதும் நான் சரியாகச் செய்தது அந்த ஒன்றுதான்.

முடிவை எழுத்தில் தந்தார்கள். சேர்க்கைப் பொறுப்பு என்னிடமிருந்து எடுக்கப்பட்டது. ஓய்வு பெறும்வரை பயிற்சி மட்டும் கொடுத்தேன். லக்சிகாவுக்கு விளையாட்டு இடம் இல்லை. ஆனால் தவறு கல்லூரியுடையது என்பதால், இரண்டு கன்டோன்களிடமும் அனுமதி பெற்று அவளைச் சாதாரண வகுப்பில் சேர்த்துக்கொள்வதாக முடிவானது. அதுவும் உடனே அல்ல, அடுத்த ஆகஸ்டில், விட்ட வருடத்தை முதலிலிருந்து. அதுவரை அவள் பூம்ப்ளிஸில் ஒரு முதியோர் இல்லத்தில் பிராக்டிகும் என்கிற பயிற்சி வேலை செய்தாள். ஊன்றுகோலோடு போய், நடக்க முடியாதவர்களுக்குச் சாப்பாடு ஊட்டினாள். கூடைப்பந்தை அவள் பிறகு தொடவில்லை. முழங்கால் ஆறியது. வைத்தியர் ஆடலாம் என்றும் சொன்னார்.

அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் பிறந்தால் மட்டும் குடியுரிமை வராது என்பது உங்களுக்குத் தெரியும். இதற்கிடையில் லக்சிகாவுக்குப் பதினெட்டு வயதாகியிருந்தது. அவளுடைய விண்ணப்பத்தைத் தனியாகப் பார்த்தார்கள். படிப்பதாகக் கடிதம் இருக்கிறது, ஆனால் கல்லூரிப் பதிவில் விலகியதாக இருக்கிறது. இரண்டும் பொருந்தவில்லை என்று அவளுடைய விண்ணப்பத்தை மட்டும் ஒதுக்கி வைத்தார்கள். நானும் அதிபரும் விளக்கக் கடிதங்கள் எழுதினோம். நேரம் எடுத்தது. சிவநேசனுக்கும் மனைவிக்கும் சிவப்புக் கடவுச்சீட்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த தாய் தகப்பன் சுவிஸ்காரர் ஆனார்கள். பெர்ன் வைத்தியசாலையில் பிறந்த மகள் ஆகவில்லை. அந்தச் செய்தியை சிவநேசன் என்னிடம் தொலைபேசியில் சொன்னபோது, அவர் சந்தோசப்படவும் முடியாமல் கவலைப்படவும் முடியாமல் இடையில் நின்றார். "இண்டைக்கு வீட்டிலை ஒருத்தரும் கதைக்கேல்லை அக்கா" என்றார். லக்சிகாவுக்குக் கிடைக்க இன்னும் இரண்டு வருடம் ஆனது.

எங்கள் நகரத்து அணி அதற்குப் பிறகும் வென்றிருக்கிறது. தேர்வுநாள் வரிசை இப்போதும் தரிப்பிடம் வரை நிற்கிறது. அதைப் பார்த்து நீங்கள் சந்தோசப்படுங்கள், நானும் சந்தோசப்படுகிறேன். ஆனால் அந்த வரிசை நிற்கும் நாளிலிருந்து உங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் இன்னொரு பிள்ளை நிற்கிறது. நேற்றுவரை ஒன்றுமில்லாமல் போன கவனக்குறைவு இன்றைக்கு ஒருத்தியின் வாழ்க்கையில் ஒரு வருடத்தைத் தின்னும். வென்றவர்கள் அவசரத்தோடுதான் வருவார்கள். வெள்ளிக்கிழமை என்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை அவர்களுடையது. உங்களுடையதும் அல்ல, பிள்ளையினுடையதும் அல்ல. இதை அன்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது எனக்கே சந்தேகம்தான். அத்தனை பெருமையில் இருந்தேன்.

போன இலையுதிர்காலத்தில் பெர்ன் ரயில் நிலையத்தில் லக்சிகாவைக் கண்டேன். பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னைக் கண்டும் காணாததுபோலப் போயிருக்கலாம், போகவில்லை. நின்று, "எப்பிடி மிஸ் இருக்கிறியள்?" என்றாள். அப்பா அம்மாவைப் பற்றிக் கதைத்தோம். பிறகு நான் அத்தனை வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"என்னிலை உனக்கு இன்னும் கோவமோ, பிள்ளை?"

அவள் யோசித்தாள். அவசரப்படவில்லை.

"கோவம் இல்லை, மிஸ். அது எப்பவோ போயிட்டுது. நீங்கள் எல்லாருக்கும் முன்னாலை எழும்பி நிண்டு சொன்னனீங்கள் எண்டு அப்பா சொன்னவர்."

எனக்குக் கண் நிறைந்தது. அவளுடைய கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையைத் தந்தாள்.

"ஆனா ஒண்டு" என்றாள். "நான் இனி உங்களிட்டை ஒண்டும் கேக்கமாட்டன். ஆரிட்டையும் கேக்கமாட்டன். எல்லாத்தையும் நானே வாசிப்பன்."

அவளுடைய ரயில் வந்துவிட்டது. என் கையை மெதுவாக விட்டுவிட்டு ஏறினாள்.